வியூபைண்டரில் கறுப்புக் கோடா? கேமராவைத் தூக்கிப் போடாதீர்கள்!

பீரோவில் கிடந்த பழைய பிலிம் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்க்கிறீர்கள். காட்சியின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. அல்லது கீழ்ப் பக்கம் பெரிதாக ஒரு கறை. கடையில் காட்டினால், "பிரிஸம் போயிடுச்சு சார், இனிமே வேஸ்ட்" என்று பதில் வரும். பழைய சாமான் வாங்குபவர் அதையே காரணம் காட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்பார். நன்றாகப் படம் எடுக்கக் கூடிய எத்தனையோ கேமராக்கள் இந்த ஒரு வரித் தீர்ப்பினால் குப்பைக்குப் போகின்றன. இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு என்பதே என் கருத்து.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கேமரா ரிப்பேர் எதற்கு என்று கேட்கலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் சில மாதங்களுக்குள் வீட்டில் உள்ள பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யத் தொடங்கி விடுகிறார்கள். நெகட்டிவ்களைத் தேடும்போது கூடவே கேமராவும் வெளியே வருகிறது. இன்னொரு காரணமும் உண்டு. சாப்ட்வேரில் தவறு தேடுவதே என் வேலை. கோளாறு எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இந்தக் கேமராவுக்கும் அப்படியே பொருந்துகிறது.

உங்கள் மானிட்டரில் திடீரென்று நெட்டாக ஒரு கோடு விழுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கீ போர்டில் பிரின்ட் ஸ்கிரீன் கீயை அழுத்தித் திரையைப் படமாகச் சேவ் செய்து, அந்தப் பைலை வேறொரு கம்ப்யூட்டரிலோ மொபைலிலோ திறந்து பாருங்கள். படத்தில் கோடு இல்லை என்றால் உங்கள் பைல்கள் பத்திரம். குறை மானிட்டரிலோ அதன் கேபிளிலோ இருக்கிறது.

பிலிம் எஸ்.எல்.ஆர். கேமராவில் வியூபைண்டர்தான் மானிட்டர். லென்ஸ் வழியாக வரும் ஒளி, சாய்வாக நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே திரும்புகிறது. அங்கே உள்ள போகஸிங் ஸ்கிரீனில் காட்சி விழுகிறது. அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக் கட்டிதான் பென்டாபிரிஸம். இடம் வலம் மாறி விழும் காட்சியைச் சரியாக்கி உங்கள் கண்ணுக்கு அனுப்புவது இதன் வேலை. பட்டனை அழுத்தியதும் கீழே உள்ள கண்ணாடி மேலே தூக்கிக் கொள்ளும். ஒளி நேராகப் பிலிமுக்குப் போய் விடும். அந்த நேரத்தில் பிரிஸம் வெறும் பார்வையாளர்தான். பிரிஸத்தில் எத்தனை கறை இருந்தாலும் பிலிமில் ஒரு புள்ளி கூட விழாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பல கேமராக்களில் ஒளியை அளக்கும் மீட்டர், பிரிஸம் வழியாக வரும் ஒளியையே பார்க்கிறது. ரசம் போன பிரிஸம் அந்த மீட்டரை ஏமாற்றக் கூடும். மொபைலில் ஒரு லைட் மீட்டர் ஆப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்துக் கொள்ளுங்கள்.

ரசம் என்றேன் அல்லவா? பாட்டி வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடியில் ரசம் போய்க் கறுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரியுமே, பிரிஸத்தில் நடப்பதும் அதுதான். பென்டாபிரிஸத்துக்குள் ஒளி விழும் கோணத்தில் வெறும் கண்ணாடி அதை முழுமையாகத் திருப்பி அனுப்பாது. ஆகவே வெளிப்பக்கம் வெள்ளியோ அலுமினியமோ பூசி, அதன் மேல் பாதுகாப்புக்காகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அந்தப் பூச்சு உரிந்த இடத்தில்தான் கறுப்புக் கோடு தெரிகிறது.

பூச்சை உரித்தது யார் என்பதுதான் வேடிக்கை. ஜப்பானின் ஒலிம்பஸ் கம்பெனி 1970களில் விற்ற ஓஎம்-1 இதற்குப் பேர் போனது. யோஷிஹிசா மைதானி வடிவமைத்த அருமையான கேமரா. லென்ஸ் இல்லாமல் 510 கிராம்தான். ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல் என்பதால் பாட்டரி இல்லாமலே படம் எடுக்கும். இப்படிப்பட்ட கேமராவில் பிரிஸத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு ஸ்பாஞ்ச் துண்டை வைத்தார்கள். ஸ்பாஞ்ச் என்பது பாலியூரிதேன். வருடக் கணக்கில் ஈரக் காற்று பட்டுப் பட்டு அது தார் போல இளகி ஒட்டிக் கொள்கிறது. பிறகு பெயின்டைத் தின்று, அதன் கீழே உள்ள ரசத்தையும் தின்கிறது. காசு பெறாத ஸ்பாஞ்ச் ஒரு நல்ல பிரிஸத்தையே காவு வாங்கி விடுகிறது. மட்டமான கபாசிட்டர் உப்பி மதர்போர்டு செத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

முதலில் குறை பிரிஸத்தில்தானா என்று உறுதி செய்யுங்கள். லென்ஸைக் கழற்றி விட்டு வெளிச்சமான சுவரைப் பாருங்கள். ஓஎம்-1-ல் போகஸிங் ஸ்கிரீனையும் லென்ஸ் வாய் வழியாகவே கழற்றலாம். ஸ்கிரீனை எடுத்த பிறகு கறை மறைந்து விட்டால் அது வெறும் அழுக்கு. அப்படியே இருந்தால் பிரிஸம். உள்ளே உள்ள சாய்வுக் கண்ணாடியில் மட்டும் விரலோ துணியோ படக்கூடாது. அதற்கு ரசம் முன்பக்கத்திலேயே இருக்கிறது. துடைத்தால் வந்து விடும்.

பிரிஸம்தான் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? உடனே ஸ்குரூ டிரைவரைத் தேடாதீர்கள். ஒரு ரோல் பிலிம் போட்டு எடுத்துக் கழுவிப் பாருங்கள். படங்கள் நன்றாக வந்தால், ஓரத்தில் உள்ள சின்னக் கோட்டோடு வாழ்ந்து விட்டுப் போகலாம் என்பதே என் முதல் சிபாரிசு.

நிக்கான் எப், எப்2, எப்3 போன்றவற்றை வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அவற்றில் பிரிஸம் உள்ள மேல்பகுதி தனியாகக் கழன்று வரும். நல்லது ஒன்று கிடைத்தால் மாற்றி விடலாம். கேனான் ஏஇ-1 நேர் எதிர். 1976-ல் மைக்ரோ பிராசஸரோடு வந்த கேமரா அது. வளையும் சர்க்யூட் போர்டு பிரிஸத்தின் மேலேயே போர்த்தியிருக்கும். பழக்கம் இல்லாதவர் மேல் மூடியைத் திறந்தால் கோடு போகுமோ இல்லையோ, கேமரா போய் விடும். உள்ளேயே பிளாஷ் உள்ள கேமராக்களைத் திறக்கவே வேண்டாம். அந்தக் கபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கலாம்.

வீட்டிலேயே புதிதாக ரசம் பூசலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் செய்த டாலன்ஸ் சோதனை நினைவிருக்கும். சில்வர் நைட்ரேட், அம்மோனியா, குளுக்கோஸ். முறை உண்மைதான். ஆனால் அந்தக் கலவையை மீதம் வைத்தால் வெடிக்கக் கூடிய பொருள் உண்டாகும். சமையலறையில் செய்கிற காரியம் அல்ல. பளபள ஸ்டிக்கர் ஒட்டுவதும் எனக்குச் சம்மதம் இல்லை. பசையின் வழியாகப் பார்க்கும் காட்சி எப்படித் தெளிவாக இருக்கும்? டெலஸ்கோப் கண்ணாடிகளுக்கு வெற்றிடத்தில் அலுமினியம் பூசுவது போலப் பிரிஸத்துக்கும் பூச முடியும். ஆனால் ஒரே ஒரு பிரிஸத்துக்காக அதைச் செய்தால் பழைய கேமரா ஒன்றின் விலையையே தாண்டி விடும்.

மிச்சம் இருப்பது வேறொரு கேமராவின் பிரிஸத்தை எடுத்து வைப்பது. ஓஎம்-1-க்கு, 1979-ல் வந்த ஓஎம்-10-ன் பிரிஸத்தை ரிப்பேர்காரர்கள் பயன்படுத்துவது வழக்கம். இங்கே எனக்குப் பிடிவாதமான ஒரு கருத்து உண்டு. எலக்ட்ரானிக்ஸ் செத்துப் போன ஓஎம்-10-லிருந்து எடுங்கள்; ஓடிக் கொண்டிருப்பதைக் கொல்லாதீர்கள். கேனான் தன் கடைசிப் பிலிம் எஸ்.எல்.ஆரின் விற்பனையை 2018-ல் முடித்துக் கொண்டது. நிக்கான் 2020-ல் எப்6-ஐ நிறுத்தியது. இருப்பு குறைந்து கொண்டே போகும் காலத்தில், கண்ணுக்கு உறுத்தும் ஒரு கோட்டுக்காக நல்ல கேமரா ஒன்றைக் குறைப்பது நியாயமாகப் படவில்லை.

கோடே விழாத ஓஎம்-1 உங்களிடம் இருந்தால் அதற்குத்தான் அவசரம் அதிகம். லென்ஸைக் கழற்றி, சாய்வுக் கண்ணாடி மேலே வந்து மோதும் இடத்தில் உள்ள ஸ்பாஞ்சைப் பல் குத்தும் குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால், பிரிஸத்தின் அருகே உள்ள அதே வயது ஸ்பாஞ்சும் இளகியிருக்க வாய்ப்பு அதிகம். ரசம் போவதற்கு முன்பே அதை எடுக்கச் சொல்லி நல்ல ரிப்பேர்காரரிடம் கொடுத்து விடுங்கள். வேலை முடிந்து வாங்கும்போது, எடுத்த ஸ்பாஞ்சையும் ஒரு கவரில் போட்டுத் தரச் சொல்லுங்கள். உண்மையிலேயே எடுத்தாரா என்று தெரிந்து விடும்.