மணிப்பூரை மீண்டும் மடக்க முடியுமா? கடலூர் ரசிகர் போடும் கணக்கு

கால் தூக்கி ஆடும் கடவுளின் ஊர் சிதம்பரம். அந்த ஊரில் காலால் ஆடும் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு எழுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் பேசப்படுவது பெண்கள் ஆடும் கால்பந்து! அதுதான் ஆச்சரியம்.

காரணம் இருக்கிறது. இந்தியாவுக்காக ஆடிய பெண்கள் கடலூர் மாவட்டத்தில் பிறந்திருக்கிறார்கள். இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். சந்தியா ரங்கநாதன் பலாப்பழத்துக்குப் பேர்போன பண்ருட்டியைச் சேர்ந்தவர். தமிழ்நாட்டு அணி களம் இறங்கினால், இந்த வட்டாரத்து ரசிகருக்கு அது எங்கோ நடக்கும் ஆட்டம் அல்ல. சொந்த வீட்டு விசேஷம்.

மாநிலங்களுக்கு இடையிலான தேசியப் போட்டி நெருங்கும்போதெல்லாம் ரசிகர் மனத்தில் ஒரே கேள்விதான் எழுகிறது. மணிப்பூர் எதிரே வந்து நின்றால் நம் பெண்கள் தாங்குவார்களா?

ஆசையை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, வரவு எது, செலவு எது என்று எழுதிப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

எதிரி லேசுப்பட்டவர் அல்ல

முதலில் எதிரியின் பலத்தை எடை போட வேண்டும். அதுதான் புத்திசாலித்தனம்.

பெண்களுக்கான தேசியக் கால்பந்துப் போட்டி இன்றைய வடிவில் தொடங்கியது 1991-92-ல். அன்று முதல் மணிப்பூர் 20 தடவைக்கு மேல் கோப்பையை வென்றிருக்கிறது. மற்ற மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து வென்றதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மணிப்பூர் பெரிய மாநிலமா? இல்லை. 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி அங்கே இருப்பவர்கள் சுமார் 28½ லட்சம் பேர். அதே கணக்கில் கடலூர் மாவட்டத்தின் மக்கள் தொகை சுமார் 26 லட்சம். அதாவது, ஏறக்குறைய ஒரு கடலூர் மாவட்டம் அளவு ஜனங்கள்தான் மணிப்பூர் முழுவதும் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டின் ஜனத்தொகையோ 7 கோடியே 21 லட்சம். 25 மடங்கு பெரிய மாநிலம், அந்தச் சிறிய மாநிலத்தைக் கண்டு நடுங்குகிறது!

இதற்கு என்ன ரகசியம்? ரகசியம் எதுவும் இல்லை. அங்கே பெண் பந்து விளையாடினால் ஊர் வேடிக்கை பார்ப்பதில்லை. சேர்ந்து கை தட்டுகிறது. சிறு ஊர்களிலும் கிளப்புகள் இருக்கின்றன. நன்றாக ஆடினால் போலீசில் வேலை கிடைக்கும் என்பது சிறுமிக்கும் தெரியும், பெற்றோருக்கும் தெரியும். மணிப்பூர் போலீசுக்கே தனியாகப் பெண்கள் கால்பந்து அணி உண்டு.

பெம்பெம் தேவி அங்கிருந்து வந்தவர்தான். இந்தியக் கால்பந்தின் துர்க்கை என்று புகழப்பட்டவர். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே ஆண்டில் மணிப்பூரின் பாலா தேவி ஸ்காட்லாந்து நாட்டின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் சேர்ந்தார். ஒருவர் ஓய்வு பெற்றால் அவர் இடத்தில் நிற்க அடுத்தவர் தயாராக இருக்கிறார். இதுதான் மணிப்பூரின் உண்மையான பலம்.

கட்டாக்கில் விழுந்த கோட்டை

அப்படியானால் தமிழ்நாட்டுக்கு வழியே இல்லையா? உண்டு. அதற்குச் சாட்சி கட்டாக் நகரம்.

2018 பிப்ரவரியில் ஒடிசா மாநிலத்துக் கட்டாக்கில் தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் மணிப்பூர். மறு பக்கம் அதுவரை ஒரு தடவைகூடக் கோப்பையைத் தொடாத தமிழ்நாடு. ஆட்டம் முடிந்தபோது தமிழ்நாடு 2, மணிப்பூர் 1. தமிழ்ப் பெண்கள் கையில் முதன்முதலாகத் தேசியக் கோப்பை!

அடுத்த ஆண்டு மற்றோர் அடி. 2019 மே மாதம் லூதியானாவில் இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டம். மதுரையின் சேது அணியும் மணிப்பூர் போலீஸ் அணியும் மோதின. சேது அணி 3-1 என்ற கணக்கில் வென்றது. மாநில அணிக்கு மட்டும் அல்ல, கிளப் அணிக்கும் அந்தக் கோட்டையைத் தகர்க்கும் தெம்பு உண்டு என்பது தெரிந்தது.

2023 ஜூன் மாதம் அமிர்தசரசில் தமிழ்நாடு இரண்டாவது தடவை தேசியக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் அரியானாவை 2-1 என்று தோற்கடித்தது.

இங்கே ரசிகர் நேர்மையாக இருக்க வேண்டும். அமிர்தசரசில் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது மணிப்பூர் அல்ல. அந்த ஆண்டு மே மாதம்தான் மணிப்பூரில் இனக் கலவரம் மூண்டது. வீடு வாசல் இழந்து ஜனங்கள் முகாம்களில் தங்கிய நேரம் அது. அப்படிப்பட்ட மாநிலம் மறு ஆண்டே, 2024-ல், கோப்பையை மீண்டும் வென்றது. ஊர் பற்றி எரிந்த பிறகும் பந்தைக் கைவிடாத பெண்கள் அவர்கள். அவர்களைக் குறைத்து எடை போடுகிறவர் ஏமாந்து போவார்.

நம் பக்கம் உள்ள பலம்

வரவுப் பக்கத்தில் முதலில் எழுத வேண்டியது அனுபவம். இந்துமதியை எடுத்துக் கொள்ளலாம். 2019 மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் தெற்காசியப் போட்டி நடந்தது. அரை இறுதியில் வங்காளதேசத்தை இந்தியா 4-0 என்று வென்றது. அந்த நாலில் இரண்டு கோல்கள் இந்துமதி போட்டவை. இந்தியா அந்தக் கோப்பையையும் வென்று வந்தது. அவர் தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா காலத்தில் மைதானங்கள் பூட்டிக் கிடந்தபோது, அவர் காக்கி உடுப்பில் சாலையில் காவல் நின்றார்.

இரண்டாவது பலம், பயம் தெளிந்தது. 2018-க்கு முன்னால் மணிப்பூர் என்ற பெயரைக் கேட்டாலே பாதி ஆட்டம் தோற்றுப் போகும். இன்று அப்படி இல்லை. அவர்களும் தோற்கக்கூடியவர்கள்தான் என்பதை ஸ்கோர் பலகையில் பார்த்தாகிவிட்டது.

மூன்றாவது பலம் லீக் ஆட்டம். ஆரம்ப ஆண்டுகளில் இந்திய மகளிர் லீக் ஒரு திருவிழா போல ஒரே ஊரில் கூடி, சில வாரங்களில் கலைந்துவிடும். 2023-24 முதல், சொந்த ஊரில் ஓர் ஆட்டம், எதிரியின் ஊரில் ஓர் ஆட்டம் என்று மாதக்கணக்கில் நடக்கிறது. வெவ்வேறு மாநிலத்துப் பெண்களோடு ஒரே அணியில் ஆடும்போது, எதிரியின் வித்தைகள் எல்லாம் பழகிப் போகின்றன.

ஆட்டம் எப்படிப் போகும்?

மணிப்பூர் பெண்கள் பந்தைத் தரையிலேயே வைத்து, சிறு சிறு தட்டாகத் தட்டிக் கடத்துவதில் கைதேர்ந்தவர்கள். பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவர் சீக்கிரம் களைத்துப் போவார். முதல் பாதியில் எல்லாரும் பந்தின் பின்னால் ஓடினால், கடைசி 20 நிமிடத்தில் கால் கெஞ்சும். அந்த நேரத்தில்தான் கோல் விழும்.

ஆகவே தமிழ்நாடு செய்ய வேண்டியது என்ன? நடு மைதானத்தை நெருக்கமாக அடைத்து நிற்க வேண்டும். பந்து தங்கள் எல்லைக்குள் வரும் வரை பொறுத்திருந்து, கிடைத்த கணத்தில் பக்கவாட்டில் பாய வேண்டும். கோல் எல்லைக்கு அருகே ‘பிரீ கிக்’ கொடுக்கும்படியான தவறு செய்யக் கூடாது. முதலில் கோல் போட்டுவிட்டால் அதைக் கட்டிக் காக்கும் பொறுமை வேண்டும். 2-1 என்ற கணக்குத்தான் கட்டாக்கிலும் அமிர்தசரசிலும் கை கொடுத்தது. இரண்டும் ஒரு கோல் வித்தியாசம்! நூலிழையில் வந்த வெற்றிகள் அவை. நூலிழையில் போயிருக்கவும் கூடும்.

இன்னொன்று. மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேரை இறக்க இப்போது அனுமதி உண்டு. களத்தில் நிற்கும் 11 பேரோடு ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் அதே தரத்தில் இருந்தாக வேண்டும். மணிப்பூரிடம் அது இருக்கிறது. தமிழ்நாட்டிடம் இருக்கிறதா? சந்தேகம் இங்கேதான் தொடங்குகிறது.

செலவுப் பக்கம்

தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்தின் விதை எங்கே விழுந்தது என்று பார்த்தால் உண்மை விளங்கும்.

2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தாய் தகப்பனை இழந்த குழந்தைகளுக்குக் கடலூரில் அரசு இல்லம் அமைந்தது. அங்கே வளர்ந்த சிறுமிகளில் சிலர் பந்தைத் தொட்டார்கள். மாரியப்பன் என்ற பயிற்சியாளர் அவர்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு-கல்வி அகாடமி இந்திய மகளிர் லீக் வரை சென்று ஆடியது. கடல் பறித்துக்கொண்ட இடத்தில் பந்து ஒரு பிடிப்பைக் கொடுத்தது.

கேட்க உருக்கமான கதைதான். ஆனால் கணக்குப் போடும் ரசிகர் உருகிவிட்டு எழுந்து போகக் கூடாது. ஒரு மாநிலத்தின் அணி, ஒரு சில ஊர்களையும் ஒரு சில மனிதர்களின் விடாமுயற்சியையும் நம்பி நிற்கிறது என்றால், அது பெருமையா, ஆபத்தா? அந்தப் பயிற்சியாளருக்கு வயதானால், அந்த மைதானம் வேறு காரியத்துக்குப் போனால், ஊற்று வற்றிவிடும். தனிமரம் தோப்பாகாது.

பெண்ணுக்குப் பதினெட்டு வயதானால் வீட்டில் கல்யாணப் பேச்சு எழுகிறது. “பந்து சோறு போடுமா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாட்டில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இந்துமதியின் காக்கி உடுப்பு அந்தக் கேள்விக்கு ஒரு பதில். ஆனால் ஒரே ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஆயிரம் தகப்பன்மாரைச் சமாதானப்படுத்த முடியாது.

தடை போட்ட காலமும் உண்டு

பெண்கள் கால்பந்து எங்குமே சுலபமாக வளர்ந்துவிடவில்லை. இங்கிலாந்தில் 1920 டிசம்பர் 26-ம் தேதி லிவர்பூல் நகரில் பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டே, கால்பந்து சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று கதவை அடைத்தது. அது திறக்க ஐம்பது ஆண்டு ஆயிற்று.

இந்தியாவின் கதை வேறு விதம். 1980-ல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம் பெற்றார்கள். 1983-ல் மீண்டும் இரண்டாம் இடம். யாரும் கதவை அடைக்கவில்லை. கவனிக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். விளைவு என்னவோ ஒன்றுதான். பல ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலை 5-ம் தேதி தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று வென்ற பிறகுதான், தகுதிச் சுற்று ஆடி ஆசியக் கோப்பைக்குள் இந்தியப் பெண்கள் நுழைய முடிந்தது.

கவனிக்காமல் விட்ட தோட்டம் காய்க்காது. ஆசியாவுக்குப் பொருந்தும் இந்தப் பாடம் கடலூருக்கும் பொருந்தும்.

ரசிகரின் தீர்ப்பு

கணக்கைக் கூட்டிப் பார்த்தால் தெரிவது இதுதான்.

நாளைக்கே ஓர் ஆட்டம் என்றால், தமிழ்நாடு மணிப்பூரை வெல்லலாம். அந்தத் திறமை இருக்கிறது, துணிவும் இருக்கிறது. ஆனால் பத்து ஆண்டுகளில் பத்து ஆட்டம் என்றால், பெரும்பாலானவை மணிப்பூர் பக்கம்தான் சாயும். ஒரு நாள் ஆட்டத்தைப் பதினொரு பேர் வெல்லலாம். பத்து ஆண்டு ஆட்டத்தை வெல்ல ஊர்கள் வேண்டும்.

“மைதானம் சரியில்லை, நடுவர் சரியில்லை” என்று தோற்ற பிறகு சொல்வதில் பயன் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! மணிப்பூர் அளவுக்கு ஜனங்கள் உள்ள மாவட்டம் கடலூர். மணிப்பூர் செய்ததைக் கடலூர் செய்ய முடியாதா? கடலூர் செய்தால் மற்ற மாவட்டங்கள் சும்மா இருக்குமா?

ஊருக்கு ஒரு மைதானம், பள்ளிக்கு ஒரு பெண்கள் அணி, ஆடி முடித்தவளுக்கு ஒரு வேலை. இந்த மூன்றும் இருந்தால் மணிப்பூரைக் கண்டு கேள்வி கேட்க வேண்டியதில்லை.

பெரிய ஆட்டத்துக்கு முன்பு ரசிகர்கள் பார்ப்பது அணிப் பட்டியலைத்தான். அதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காலை ஆறு மணிக்குத் தங்கள் ஊர் மைதானத்தில் எத்தனை சிறுமிகள் பந்தோடு நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணிக்கை ஏறினால் கோப்பை தானாக வரும். இறங்கினால், கட்டாக் வெற்றி பழங்கதை ஆகிவிடும்.