பச்சைச் சீட்டு

"எண்ணெயைக் குறைச்சுக்குங்க, கொஞ்சம் நடங்க." மருத்துவர் இதைச் சொல்லும்போது பெரும்பாலும் நாம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டிருப்போம், வெளியே அடுத்த டோக்கன் எண்ணை அழைத்திருப்பார்கள். என் தந்தை இந்த வாக்கியத்தைப் பதினோரு ஆண்டுகள் கேட்டார். மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. நடக்க மட்டும் ஒருநாளும் போனதில்லை. கடிந்துகொண்டபோது, "அவசியம்னா சீட்டுல எழுதியிருப்பாரே" என்றார். அன்று அதை ஒரு சாக்கு என்று எண்ணினேன்.

நியூசிலாந்தின் குடும்ப மருத்துவர்கள் 1990களின் இறுதியிலிருந்து உடற்பயிற்சியைச் சீட்டில் எழுதித் தருகிறார்கள். பச்சை மருந்துச்சீட்டு என்று அதற்குப் பெயர். அதைப் பற்றி 1998இல் வெளியான ஓர் ஆய்வு எளிமையானது. உடலுழைப்பு குறைந்த நோயாளிகளிடம் மருத்துவர்கள் பேசினார்கள்; எவ்வளவு நடப்பது என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள். பிறகு ஒரு பாதியினருக்கு மட்டும் அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது இரு சாராரும் முன்பைவிட இயங்கினார்கள். சீட்டுப் பெற்றவர்களிடையே அந்த மாற்றம் கூடுதலாக இருந்தது. ஆலோசனை ஒன்றுதான், வேறுபாடு ஒரு தாள்.

எழுத்தை நம்பி வாழும் நமக்கு இது வியப்பளிக்கக் கூடாது. சொல் காற்றோடு போகிறது. எழுதப்பட்டது சட்டைப்பையில் வீடு வரை வருகிறது. மனைவி வாசிக்கிறாள், மகன் கேள்வி கேட்கிறான். அதைவிட முக்கியமாக, எழுதுவதற்கு மருத்துவர் தெளிவாக யோசித்தாக வேண்டும். 'கொஞ்சம் நட' என்பதை எழுத முடியாது. எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள், மூட்டுவலி இருந்தால் நடைக்குப் பதில் என்ன என்று கேட்டறிந்த பிறகே பேனா நகரும்.

மிகைப்படுத்தவும் கூடாது. 2003இல் வெளியான இன்னொரு நியூசிலாந்து ஆய்வில் 40 முதல் 79 வயது வரையிலான 878 பேர் கலந்துகொண்டனர். சீட்டு தந்ததோடு நிற்காமல், பயிற்சியாளர்கள் மூன்று மாதங்கள் தொலைபேசியில் விசாரித்தும் வந்தார்கள். ஓராண்டு முடிவில், ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலானோர் வாரம் இரண்டரை மணி நேர உடலியக்கத்தை எட்டினர். ரத்த அழுத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை; உடல்வலி குறைந்ததாகவும் தெம்பு கூடியதாகவும் அவர்கள் உணர்ந்தார்கள். பத்தில் ஒருவர் என்பது சிறிய எண்தான். அந்த ஒருவர் யாருடைய தந்தை என்பதைப் பொறுத்தது அது.

நடையையும் மாத்திரையாக்கிவிட்டால் அதன் இன்பம் போய்விடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இன்பத்துக்காக நடப்பவருக்குச் சீட்டு தேவையில்லை. முதல் அடியை எடுத்து வைக்க யாரேனும் ஓர் அதிகாரத்தோடு சொல்ல வேண்டியிருப்பவர்களுக்கே அது. எனக்குள்ள அச்சம் வேறு: சீட்டைக் கையில் திணித்துவிட்டு, விசாரிக்க ஆளில்லாமல், இனி உன் பாடு என்று கைகழுவிவிடும் அபாயம். மூன்று மாதத் தொலைபேசி அழைப்புகளையும் சேர்த்துத்தான் அது மருத்துவம்.

தந்தை மறைந்தபின் அவருடைய கோப்பைப் புரட்டினேன். பதினோரு ஆண்டுச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். சர்க்கரைக்கு, அழுத்தத்துக்கு, தூக்கத்துக்கு என்று ஒவ்வொன்றும் வேளை குறித்து எழுதப்பட்டிருந்தது. நடை என்ற சொல் எதிலும் இல்லை. அவர் சொன்னது சாக்கு அல்ல.