இணையப் பெயர்: சொத்தா, குத்தகையா?

டென்மார்க்கின் விபோர்க் நகரில் வாழும் தமிழர் ஒருவர், பின்னாளில் விலை ஏறும் என்ற நம்பிக்கையில் 'டாட் டிகே' என முடியும் இணைய முகவரிகளை வாங்கிக் குவிக்க எண்ணினால், சட்டம் குறுக்கே நிற்கும்.

விற்பதற்காகவோ வாடகைக்கு விடுவதற்காகவோ மட்டும் ஒரு பெயரைப் பதிவு செய்து வைத்திருக்கக் கூடாது என்கிறது 2014ஆம் ஆண்டின் டேனிஷ் இணையப் பெயர்ச் சட்டம். முறைப்பாடுகளை இதற்கென உள்ள வாரியம் விசாரிக்கிறது. அதன் முடிவை ஏற்காதவர் நீதிமன்றம் செல்லலாம். யூட்லாந்துப் பகுதியின் மேல்முறையீடுகளை விசாரிக்கும் மேற்கு உயர் நீதிமன்றம் இருப்பதும் விபோர்க்கில்தான்.

'டாட் காம்' பெயர்களுக்கு இத்தகைய பொதுத்தடை இல்லை. அங்கு நல்ல சொற்கள் எப்போதோ தீர்ந்துவிட்டதால், முதலீட்டாளர்களின் பார்வை மாற்றுப் பின்னொட்டுகளின் மீது திரும்பியது. 2012இல் ஐகான் அமைப்பு புதிய பின்னொட்டுகளுக்கு விண்ணப்பம் கோரியபோது 1,930 விண்ணப்பங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 185,000 டாலர்.

ஊரில் காணி வாங்கிப் போடுவதைப் போன்றதே இதுவும் என்று கருதுவோர் உண்டு. ஆனால் இந்த ஒப்பீடு பொருந்தாது. காணிக்கு உறுதி உண்டு. இணையப் பெயருக்கு இருப்பதோ தவணை மட்டுமே. ஐகானின் பொதுப் பின்னொட்டுகளில் ஒரு பெயரை அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கே முன்கூட்டிப் பதிவு செய்ய முடியும். புதிய பின்னொட்டுகளின் விலைக்கு உச்சவரம்பும் இல்லை. யூனிரெஜிஸ்ட்ரி நிறுவனம் 2017இல் தனது பின்னொட்டுகள் பலவற்றின் விலையைப் பன்மடங்கு உயர்த்தியபோது, பெயர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

அரசியலும் இதில் குறுக்கிடுகிறது. யூகோஸ்லாவியாவின் 'டாட் ஒய்யு' 2010இல் நீக்கப்பட்டது. பிரெக்ஸிட்டுக்குப் பின்னர், ஐரோப்பிய ஒன்றியத்துடன் வேறு தொடர்பில்லாத பிரிட்டன்வாசிகள் 'டாட் இயு' முகவரிகளை இழந்தார்கள். சாகோஸ் தீவுகள் குறித்து பிரிட்டனும் மொரிஷியஸும் 2025 மே மாதத்தில் உடன்படிக்கையில் ஒப்பமிட்டபோது, 'டாட் ஐஓ'வின் எதிர்காலம் பற்றிய கேள்வியும் வலுத்தது.

ஐகானுக்கு வெளியே, 2020இல் தொடங்கிய ஹேண்ட்ஷேக் போன்ற வலையமைப்புகள் பெயர்களை ஏலத்தில் விற்றன. அவற்றை வழக்கமான உலாவிகள் தாமாகத் திறப்பதில்லை. யாரும் வந்து சேர முடியாத தெருவில் வாங்கிய கடைக்கு என்ன மதிப்பு?

தமிழுக்கும் இதில் பங்குண்டு. தமிழ் எழுத்திலேயே 'இலங்கை', 'இந்தியா', 'சிங்கப்பூர்' என்ற பின்னொட்டுகள் 2010, 2011ஆம் ஆண்டுகளில் இணையத்தில் சேர்க்கப்பட்டன. நல்ல தமிழ்ச் சொற்களை ஊக வணிகர்கள் முடக்கி வைத்தால், நாளை பள்ளியோ நூலகமோ சிறு வணிகரோ அவற்றை அதிக விலை கொடுத்தே பெற வேண்டிவரும்.

வாங்குபவருக்குச் சந்தை ஆபத்து. மொழிக்கோ சொல் பறிபோகும் ஆபத்து. பெயர் பயன்படுத்துபவருக்கே என்ற டேனிஷ் விதி முதலீட்டாளரின் கையைக் கட்டுவது உண்மைதான். ஆயினும், அந்தச் சொல்லை உண்மையில் தேவைப்படுபவருக்காகக் காத்து வைப்பதும் அதே விதிதான்.