கொட்டகையில் கிடக்கும் ஆயில் எஞ்சினும் மேசை மேல் ஓடும் குட்டி எஞ்சினும்

கேள்வி: எங்கள் மோட்டார் கொட்டகையில் தாத்தா காலத்து ஆயில் எஞ்சின் ஒன்று பல வருடமாக ஓடாமல் கிடக்கிறது. எடைக்குப் போடலாம் என்றால், ஐ.டி.ஐ. முடித்த மகன் தடுக்கிறான். அதை அளந்து, அதே மாதிரி மேசை மேல் ஓடும் சின்ன எஞ்சின் செய்யப் போகிறானாம். ஆறு மாதமாக லேத் பட்டறையே கதி என்று கிடக்கிறான். இது பிழைப்புக்கு ஆகுமா? எஞ்சினை விற்றுவிடலாமா?
- வாசகர், உழவர்கரை, புதுச்சேரி

பதில்: மாதிரி எஞ்சின் செய்து விற்றுப் பிழைக்க முடியாது. ஒரு நல்ல மாதிரிக்கு நூற்றுக்கணக்கான மணி நேர உழைப்பு வேண்டும். அந்தக் கூலியைக் கொடுத்து வாங்க உள்ளூரில் ஆள் கிடைப்பது அரிது. அதற்காக எஞ்சினை இந்த மாதமே காயலான் கடைக்கு ஏற்ற வேண்டிய அவசரமும் இல்லை. அளப்பதால் இரும்பின் எடை குறைந்துவிடாது. ஆறு மாதம் பொறுத்தால் அப்பாவுக்கு நட்டம் எதுவும் இல்லை. மகனுக்கு அது பெரிய லாபம்.

இந்தியாவில் கிணற்றுப் பாசனத்துக்கு உழைத்த ஆயில் எஞ்சின்களில் 'லிஸ்டர்' வகை பெயர் பெற்றது. இங்கிலாந்தில் பிறந்த வடிவம் அது. பிறகு குஜராத்தின் ராஜ்கோட்டில் அதைப் பார்த்து ஏராளமாகச் செய்தார்கள். ஒரே சிலிண்டர், இரு பக்கமும் கனமான ஃபிளைவீல், நிமிடத்துக்கு 600 சுற்று, 5 குதிரைத்திறன். லிவரைத் தூக்கி வைத்து, ஹேண்டிலை வேகமாகச் சுற்றி, லிவரை விட்டதும் 'டுக் டுக்' என்று பிடித்துக்கொள்ளும் சத்தம் ஐம்பது வயது தாண்டிய உழவர்கள் எல்லோருக்கும் காதில் இருக்கும். இவ்வளவு மெதுவாகவும் வெளிப்படையாகவும் ஓடும் எஞ்சின் படிப்பவனுக்கு ஒரு வாத்தியார் மாதிரி. இன்றைய எஞ்சின்களில் எல்லாம் மூடிக்குள் போய்விட்டது.

அந்த 5 குதிரைத்திறன் லிஸ்டரில் சிலிண்டரின் உள்விட்டம் 114.3 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 139.7. இரண்டையும் நான்கில் ஒன்றாகக் குறைத்தால் விட்டம் சுமார் 28.6, தூரம் சுமார் 35. எல்லாவற்றையும் நாலால் வகுத்துவிட்டால் மாதிரி தயார் என்றுதான் தோன்றும். லேத்தில் கடைந்து மாட்டிய பிறகுதான் ஓடாது என்பது தெரியும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. நீளம் நான்கில் ஒன்றானால் பரப்பு பதினாறில் ஒன்றாகும். கொள்ளளவு அறுபத்து நான்கில் ஒன்றாகும். பெரிய எஞ்சினின் 1,433 கன செ.மீ. சிலிண்டர், மாதிரியில் வெறும் 22 கன செ.மீ. ஆகிவிடும். உள்ளே இருக்கும் காற்று அறுபத்து நான்கு மடங்கு குறைகிறது. அதைச் சுற்றியுள்ள சுவரோ பதினாறு மடங்குதான் குறைகிறது. அதாவது, ஒவ்வொரு சொட்டுக் காற்றுக்கும் முன்பைவிட நான்கு மடங்கு சுவர். அழுத்திச் சூடேற்றிய காற்றை அந்தச் சுவர் குளிரவைத்துவிடுகிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். சூடு போனால் எஞ்சினும் போச்சு.

டீசல் தெளிப்பிலும் இதே தொல்லை. பெரிய எஞ்சின் முழுச் சுமையில் ஒரு வெடிப்புக்கு அறுபது, எழுபது கன மில்லிமீட்டர் டீசல் குடிக்கும். மாதிரிக்குத் தேவை சுமார் ஒரு கன மில்லிமீட்டர். கடுகைவிடச் சிறிய துளி. அதை ஒவ்வொரு முறையும் ஒரே அளவாகப் பொடித்துத் தெளிக்கும் பம்ப்பைப் பட்டறையில் செய்வது குதிரைக் கொம்பு. அதனால்தான் டீசல் எஞ்சினின் மாதிரி செய்பவர்கள் பலர் வெளித் தோற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே சின்ன ஸ்பார்க் பிளக் வைத்துப் பெட்ரோலில் ஓட்டுகிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஃபிளைவீல் கணக்கு இன்னும் வேடிக்கை. எல்லாப் பக்கமும் நான்கில் ஒன்றாகக் குறைந்த ஃபிளைவீல், அதே 600 சுற்றில் தன்னுள் சேர்த்து வைக்கும் ஆற்றல் 1,024இல் ஒரு பங்குதான். வெடிப்பின் பலமோ 64இல் ஒரு பங்கு. ஆகவே அடுத்த வெடிப்பு வரை எஞ்சினை இழுத்துச் செல்லும் சக்தி ஃபிளைவீலுக்கு இருக்காது. நான்கு மடங்கு வேகத்தில், 2,400 சுற்றில் ஓட்டினால் சரியாகும். ஆனால் அந்த 'டுக் டுக்' போய் 'டர்ர்' என்றாகிவிடும். மெதுவாக ஓட வேண்டும் என்றால் ஃபிளைவீலை அளவுக்கு மீறிக் கனமாக்க வேண்டும். அந்த இளைஞர் இதை முதலிலேயே காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டால் இரண்டு மாதம் மிச்சம்.

மாதிரி எஞ்சின் ஓடாமல் போனதால்தான் உலகம் மாறியது என்பது பலருக்குத் தெரியாது. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்க இங்கிலாந்தில் நியூகோமன் என்பவரின் நீராவி எஞ்சின் 1712இல் ஓடத் தொடங்கியது. இன்றைய பம்ப்செட்டுக்குப் பாட்டன் என்றே சொல்லலாம். அதன் சிறிய மாதிரி ஒன்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த இருந்தது. அதைப் பழுது பார்க்கும் வேலை 1763-64 குளிர்காலத்தில் கருவி செய்பவரான ஜேம்ஸ் வாட்டிடம் வந்தது. சரி செய்து ஓட்டினால், சில அடி அடித்ததும் நீராவி தீர்ந்து நின்றுவிட்டது. கையில் இருந்தது சின்ன சிலிண்டர்; சுவர் அதிகம்; ஒவ்வொரு அடிக்கும் சூடாகிக் குளிர்வதிலேயே நீராவி வீணானது. பெரிய எஞ்சினிலும் இதே வீண்செலவு உண்டு, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சிலிண்டரைச் சூடாகவே வைத்து, நீராவியைத் தனிப் பாத்திரத்தில் குளிர வைக்கும் யோசனை வாட்டுக்கு 1765இல் பிறந்தது. 1769இல் காப்புரிமை பெற்றார்.

நம் ஊரில் இந்த வழியில் முதலில் நினைவுக்கு வருபவர் கோவை ஜி.டி.நாயுடு. 1893இல் கலங்கல் கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவை வந்து ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்தார். மோட்டார் தொழிலெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான். எஞ்சினைச் சிறிதாகச் செய்வதையே கலையாக்கியவர் என்றால், விரல் நுனியில் நிற்கும் நீராவி எஞ்சின் செய்த நாக்பூர் இக்பால் அகமதுவைச் சொல்லலாம். இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்குக்கென்றே 1898இல் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். புதுச்சேரியில் ஏ.எஃப்.டி. ஆலை தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

நேராக ஆயில் எஞ்சின் மாதிரியில் இறங்குவது நீச்சல் தெரியாமல் கிணற்றில் குதிப்பது போல. முதலில் சூடான காற்றில் ஓடும் ஸ்டிர்லிங் எஞ்சின் நல்லது. ராபர்ட் ஸ்டிர்லிங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1816இல் கண்டுபிடித்தது. அடியில் மெழுகுவத்திச் சூடு, மேலே குளிர்ச்சி. உள்ளே அடைபட்ட காற்று விரிந்து சுருங்குவதில் சக்கரம் சுற்றும். தகர டப்பாவே போதும். பிஸ்டனுக்குக் கால்நடை மருத்துவர்கள் முன்பு வைத்திருந்த கண்ணாடி ஊசிக்குழல் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதைவிட வழவழப்பாகப் பட்டறையில் கடைய முடியாது. அடுத்தது, சிலிண்டரே இப்படியும் அப்படியும் ஆடி ஓட்டைகளைத் திறந்து மூடும் வகை. வால்வு தொல்லை கிடையாது. பஞ்சர் கடைக் காற்றிலேயே ஓட்டிப் பார்க்கலாம். மூன்றாவதாகத்தான் தாத்தா எஞ்சின்.

நீராவியில் ஓட்டும் ஆசை வந்தால் மட்டும் அப்பா கண்டிப்பாகத் தலையிட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்தால் திறந்த வெளியில் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கும் மேல் நீராவியாகும். அதை அடைத்து வைக்கும் பாத்திரம் வெடித்தால் அது குண்டுதான். குக்கரைப் பாய்லராக்குவதும், பழைய சிலிண்டரில் ஓட்டை போடுவதும் வேண்டவே வேண்டாம். செம்பில் செய்து, ஃபிரிட்ஜ் மெக்கானிக் குழாய் ஒட்டுவது போல வெள்ளி கலந்த கம்பியால் பிரேசிங் செய்து, சேஃப்டி வால்வு வைத்து, முதலில் பச்சைத் தண்ணீரை முழுக்க நிரப்பி இரண்டு மடங்கு அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். தண்ணீரில் சோதித்தால் உடைந்தாலும் ஒழுகும், சிதறாது. இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் காற்றிலேயே ஓட்டிக்கொள்ளட்டும்.

பிழைப்புக் கேள்விக்கு வருவோம். பெயரில் உழவர் இருந்தாலும் உழவர்கரையில் வயல்கள் மனைகளாகிவிட்டன. தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. வயல் மிஞ்சியிருக்கும் இடங்களில் பவர் வீடர், பவர் டில்லர், தெளிப்பான் என்று சின்ன எஞ்சின்கள் பெருகிவிட்டன. பாகத்தை மாற்றிப் போடும் மெக்கானிக் தெருவுக்குத் தெரு உண்டு. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி எவ்வளவு, வால்வு ஏன் சரியாக உட்காரவில்லை என்று அளந்து சொல்லும் மெக்கானிக்கைத் தேடித்தான் அலைய வேண்டியிருக்கிறது. 28 மில்லிமீட்டர் பிஸ்டனைத் தன் கையால் கடைந்து, காற்று கசியாமல் ஓட்டிக் காட்டிய பையனுக்கு அந்தக் கண் வந்துவிடும். மாதச் செலவுக்கு மட்டும் அப்பா ஒரு வரம்பு போடலாம். மீதியைப் பட்டறையில் பழைய பித்தளைத் துண்டுக்குக் கூலி வேலை செய்து சரிக்கட்டட்டும்.

அளக்கும்போது ஒன்று முக்கியம். ஹெட்டைக் கழற்றும் முன் ஃபிளைவீலைக் கையால் சுற்றி, எந்த இடத்தில் எந்த வால்வு திறக்கிறது, மூடுகிறது என்று ஃபிளைவீல் விளிம்பிலேயே சாக்பீஸால் குறித்து, படம் எடுத்துக்கொள்ள வேண்டும். டைமிங் பல்சக்கரங்களில் பழைய குறி இல்லையென்றால் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி போட்டுவிட வேண்டும். துரு ஏறிப் பிடித்துக்கொண்ட பிஸ்டனைச் சுத்தியலால் அடிக்கக்கூடாது; மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட வேண்டும். கழற்றிய பாகங்களுக்கு கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி வைத்தால் மறுபடி மாட்டவும் ஆகும். மாட்டிய பின் அது ஓடிவிட்டால், எடைக்குப் போடுவதா என்பதைக் குடும்பம் அப்போது மறுபடி பேசிக்கொள்ளலாம்.