குசினியைத் துரத்தினால் கிச்சன்தான் வரும்

தீவகத்தில நாங்கள் தூய தமிழ் கதைக்கிறம் எண்டு பெருமையடிக்கிறது கொஞ்சம் பகிடியான விசயம். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, துவாய், குசினி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. லாச்சியும் கந்தோரும் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தருடையவை. அவர்கள் நெடுந்தீவுக்குத் தங்கள் ஊரான டெல்ஃப்ற்றின் பெயரை வைத்தார்கள். எங்கட ஆக்கள் அந்தப் பெயரை வரைபடத்தோட விட்டுவிட்டு, லாச்சியை மட்டும் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டார்கள்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கு? ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ், ஜேர்மனோடு ஹீப்ரூவும் ஸ்லாவிய மொழிகளும் கலந்து பிறந்தது. உடைஞ்ச ஜேர்மன் எண்டு படிச்ச யூதர்களே அதை இளக்காரம் செய்தார்கள். அதில் எழுதிய ஐசக் பாஷெவிஸ் சிங்கருக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவர்களின் கல்யாண வீட்டு இசை கிளெஸ்மர். எங்களுக்கு பைலா. மட்டக்களப்புப் பறங்கியர் இன்னும் ஆடுகிற கபிரிஞ்ஞா அதற்கு மூத்த உறவு. அவர்களில் சிலர் போர்த்துக்கேயக் கிரியோலும் கதைக்கிறார்கள். இங்கே கல்யாண வீட்டில பைலாவுக்கு விடிய விடிய ஆடிப்போட்டு, அடுத்தநாள் அதைச் சில்லறைப் பாட்டு எண்டு சொல்லுறம்!

பள்ளிக்கூடக் கட்டுரையில் குசினி என்று எழுதினால் சிவப்புக் கோடு விழும். சரியெண்டு சமையலறை என்று எழுதினோம். ஆனா வீட்டில எங்கட வாயில வாறது கிச்சன். குசினி இப்ப அம்மம்மாவிடம் மட்டும்தான் இருக்கு. நானூறு வருசம் எங்களோட புழங்கின சொல் அந்நியம், நேற்று வந்த கிச்சன் மட்டும் நாகரிகமோ? ஆசிரியர்மாரே, அந்தக் கோட்டைப் போடாதேங்கோ.