கோல்ல போய் நில்லுடா!

சேலையூர் பக்கம் ஒரு காலி மனையில் எங்கள் சாயங்கால ஃபுட்பால். ஆள் பிரிக்கும்போது எப்போதும் ஒரே தீர்ப்புதான்: ஓட முடியாதவன் கோலில் நிற்கட்டும். எங்கள் ஏரியாவில் கோல்கீப்பர் வேலை என்பது ஒரு தண்டனை. போன வாரம் அது எனக்கு விழுந்தது. அந்தக் கடுப்பில்தான் எழுதுகிறேன் என்று நினைத்தால், பாதி உண்மை.

மீதிப் பாதி பீட்டர் தங்கராஜ்.

"யாரு அது?" என்பீர்கள். என் வகுப்பிலும் அதையேதான் கேட்டார்கள். ஐரோப்பிய கிளப் கீப்பர்களை வரிசையாக ஒப்பிக்கும் அதே கூட்டம்தான், கடைசியில் "நம்மாளுங்களுக்கு அந்த உடம்பு கிடையாது மச்சி" என்று முடிக்கிறது. இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தங்கராஜ் 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து, நம் நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடினார். ஆரம்பத்தில் அவர் சென்டர் ஃபார்வர்டு! கோல் போடத் தெரிந்த ஆள்தான் கோலைக் காக்கப் போனார். ஓட முடியாமல் போய் நின்றவர் இல்லை, ஐயா. 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக் அணிகளில் இருந்தார். பிறகு கல்கத்தா போய் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருது.

அது என்ன காலம்? மழையில் நனைந்தால் தோல் பந்து கல்லாகக் கனக்கும். அடிபட்டால் மாற்று ஆள் கிடையாது. உலகக் கோப்பையிலேயே 1970-ல்தான் மாற்று ஆட்டக்காரரை அனுமதித்தார்கள். 1956-ல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டி கீப்பர் டிராட்மன் கழுத்தெலும்பு முறிந்தும் கடைசிவரை நின்றது இதனால்தான். ஓடி வருகிறவனின் பூட்ஸுக்கு முன்னால் தலையைக் கொடுக்கும் வேலை அது.

இனி 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. "அப்பல்லாம் போட்டியே இல்லப்பா" என்று சொல்லிவிட்டு நழுவப் பார்க்காதீர்கள். இறுதியில் எதிரே நின்றது தென் கொரியா: 1956, 1960 ஆசியக் கோப்பை இரண்டையும் வென்ற அணி. அதே தொடரின் முதல் ஆட்டத்தில் நம்மை 2-0 என்று வீழ்த்திய அணி. அரசியல் சண்டையில் மைதானமே இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. தலையில் தையலோடு ஜர்னைல் சிங் முன்வரிசையில் ஆடி ஒரு கோல் போட்டார், பி.கே. பானர்ஜி இன்னொன்று. பின்னால் தங்கராஜ். 2-1, தங்கம். அதற்குப் பிறகு அந்தத் தங்கம் நமக்குத் திரும்பவே இல்லை.

கோல் போட்டவர்கள் பெயராவது சிலருக்குத் தெரியும். தடுத்தவன் பெயர்? 2008-ல் பொகாரோவில் இறந்துபோனார். மெட்ராஸ் பெயர் போட்ட அணியில் வளர்ந்தவரை மெட்ராஸ்காரனுக்கே தெரியாது என்றால் தப்பு யார் மேல்? உடம்பு இல்லாமல் போகவில்லை, நண்பர்களே. ஆடிக் காட்டியவனை நாம் மறந்தோம், பிறகு அந்த மறதியையே சாக்காகச் சொல்கிறோம்.

எங்கள் மனையிலும் கட்டடத்துக்குச் செங்கல் இறங்கியாகிவிட்டது. இன்னும் எத்தனை சாயங்காலமோ! நாளை ஆள் பிரிக்கும்போது யாரும் என்னைத் தள்ள வேண்டாம். நானே போய் கோலில் நிற்கிறேன்.