கட்டு எங்கே போடுவது என்று கேட்பதற்கு முன்

சில ஆண்டுகளுக்கு முன், திமிரியை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை அவன் தாயார் அழைத்து வந்தார். கொய்யா மரத்திலிருந்து விழுந்ததில் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்திருந்தது. வேறோர் இடத்தில் கட்டுப் போட்டு, ஆறு வாரம் கழித்து அவிழ்த்திருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். எலும்பு நன்றாகவே கூடியிருந்தது. ஆனால் விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கி நின்றன, நீட்டவே முடியவில்லை.

கட்டுப் போட்ட முதல் இரவு முழுவதும் பையன் அழுதிருக்கிறான். எலும்பு முறிந்தால் வலிக்கத்தானே செய்யும் என்று வீட்டார் தேற்றியிருக்கிறார்கள். தாயார் காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் பணியாற்றுபவர். ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் மறுநாள் காலையில் வேலைக்குப் புறப்பட்டுவிட்டார். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு எவரும் எதையும் எடுத்துச் சொல்லவில்லை.

"புத்தூருக்குக் கொண்டுபோகலாமா, டாக்டர்?" என்பது எங்கள் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி எழும் கேள்வி. திருத்தணி, நகரி வழியாகப் போனால் வந்துவிடும் ஊர் அது. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, பருத்தித் துணி ஆகியவற்றைக் கொண்டு அங்கே தலைமுறைகளாகக் கட்டுப் போடுகிறார்கள். அங்கே போய் வந்தவர்களில் பலருக்கு எலும்பு கூடியிருக்கிறது என்பதை நான் மறுப்பதில்லை. ஏனெனில் எலும்பைக் கூட்டுவது அவர்களும் அல்லர், நாங்களும் அல்லோம்.

எலும்பைக் காய்ந்த குச்சியாக எண்ணுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. அது இரத்தம் ஓடும் உயிருள்ள திசு. கொலாஜன் என்னும் புரத நாரும், அதன்மேல் படியும் கால்சியம், பாஸ்பரஸ் உப்புகளும் சேர்ந்தது அது. நார் இல்லையேல் சுண்ணாம்புக் கட்டியைப் போல நொறுங்கும்; உப்பு இல்லையேல் ரப்பரைப் போல வளையும். பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் அதற்குள் ஓயாமல் வேலை செய்கின்றன. வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறையும். இரண்டு மூன்று வாரங்களில் அங்கே குருத்தெலும்பு போன்ற மெத்தென்ற பிணைப்பு உருவாகும். பின்னர் அதில் உப்புகள் படிந்து கெட்டிப்படும். தாயின் வயிற்றில் குழந்தையின் கை கால் எலும்புகள் குருத்தெலும்பாகத் தொடங்கி எலும்பாக மாறிய அதே முறை. நேராக வைத்து அசையாமல் பிடித்திருப்பது மட்டுமே எங்கள் பணி. குழந்தைக்கு மூன்று நான்கு வாரங்கள் போதும். பெரியவரின் கணுக்கால் எலும்புக்கு மூன்று நான்கு மாதங்களும் ஆகலாம்.

ஆகவே எனது கவலை எலும்பைப் பற்றியதன்று. அதைச் சுற்றியிருப்பவற்றைப் பற்றியது. குழந்தையின் முழங்கை முறிவில் முன்கைக்குச் செல்லும் பெரிய இரத்தக்குழாய் முறிந்த முனையை ஒட்டியே ஓடுகிறது. முறிவினால் வீக்கம் ஏறும். அதன்மேல் இறுக்கமான கட்டு இருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, தசைக்கு இரத்தம் நின்றுபோகும். ஆறு மணி நேரத்துக்கு மேல் அப்படி இருந்த தசை பெரும்பாலும் மீள்வதில்லை. சுருங்கி, விரல்களை இழுத்து மடக்கிவிடும். எலும்பைப் போலத் தசை தன்னைப் புதிதாகக் கட்டிக்கொள்ளாது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோக்மன் 1881இல் இதை விவரித்து எழுதினார். அவர் சொன்னது நாட்டுக் கட்டுகளைப் பற்றியன்று, மருத்துவர்கள் இறுக்கிப் போட்ட கட்டுகளைப் பற்றி என்பதை என் சக மருத்துவர்களும் நினைவில் கொள்ள வேண்டும். மாவுக்கட்டும் இறுகும்.

இன்னொன்று: முழங்கையை எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். காயம்பட்ட தசையை உருவினால், அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு உருவாகி மூட்டு இறுகிப்போகக்கூடும்.

எங்கே போவது என்பது உங்கள் முடிவு. ஆனால் குழந்தையின் முழங்கை, வெளியே தெரியும் புண்ணோடு கூடிய முறிவு, முதியவரின் இடுப்பு முறிவு ஆகிய மூன்றுக்கும் முதலில் மருத்துவமனைக்கு வாருங்கள் என்று வற்புறுத்துகிறேன். செலவுக்கு அஞ்சித்தான் பலர் வருவதில்லை. ஈ.எஸ்.ஐ. அட்டையோ முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள். எங்கள் பக்கமும் குறை உண்டு: வரிசையில் காக்கவைக்கிறோம், படத்தைப் பார்க்கிறோம், முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. கட்டுப் போடுகிற பெரியவர் தொட்டுப் பேசி அனுப்புகிறார்.

கட்டுப் போட்ட பின் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், விரலை மெல்ல நீட்டிவிடும்போது குழந்தை அலறினால், விரல்கள் மரத்தோ வெளுத்தோ சில்லிட்டோ போனால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இரவு இரண்டு மணியானாலும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். கட்டைப் பிளந்து தளர்த்துவோம். அதனால் எலும்பு சற்று விலகினாலும் பின்னர் சரிசெய்துகொள்ளலாம்.

அந்தச் சிறுவனுக்குப் பின் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறேன். மாவுக்கட்டோடு வீடு திரும்பும் எந்தக் குழந்தையின் விரல்களையும் தாயாரோ தந்தையோ என் முன்னால் ஒரு முறை நீட்டி மடக்கிக் காட்ட வேண்டும். அதன் பிறகே சீட்டில் கையெழுத்திடுகிறேன்.